தம் கழுத்தில் இட்டுப் பார்த்த பட்டை

எம் தமையனார் மறைந்து ஓராண்டு நிறைகின்ற இந்நாளில், நினைவு மலருக்காக அவர் வாழ்வைச் சுருங்க எழுதித் தரும்படி அண்ணியார் என்னைப் பணித்தார்கள். தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவன் ஆதலின் எனக்கு இஃது எளிதாகும் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். எளிதாக இல்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். பின்னர் அழகுற எழுதும் முயற்சியைக் கைவிட்டு, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவதென்று துணிந்தேன்.

இதனை எழுதுதற்கு வேறொரு காரணமும் உண்டு. தமையனார் தம் கையால் செய்து உறவினர்க்கும் நண்பர்க்கும் அளித்த தோற்பொருள்கள் இப்பக்கத்து ஊர்களில் பல உள்ளன. பித்தளைக் குமிழ் பதித்த மாட்டுக் கழுத்துப் பட்டைகள், இடுப்பு வார்கள், வெற்றிலைப் பைகள் எனப் பலவகை. அவர் இறந்த விதத்தைக் கேள்வியுற்றபின் சிலர் அவற்றை எரித்துவிட்டனர் என்றும், சிலர் பாழுங்கிணற்றில் எறிந்தனர் என்றும் அறிகிறேன். அச்சத்தால் செய்தனர், அவர்களைக் குறைகூற எனக்கு வாயில்லை. எஞ்சியவற்றையேனும் காக்க வேண்டுமாயின் உண்மை முழுவதையும் சொல்லியாக வேண்டும். அதில் என் பிழையும் அடங்கும்.

தமையனார் பிறந்தது வெண்ணந்தூருக்குத் தெற்கே, போதமலையைப் பார்த்த எங்கள் தோட்டத்து வீட்டில். எந்தையார்க்கு நாங்கள் இருவரே மக்கள்; எங்களுக்கிடையே ஆறாண்டு. ஒரு கிணறு, நீர் இறைக்க ஒரு கவலை, ஓரிணைக் காளை, இவையே குடும்பத்தைத் தாங்கின. கவலை ஓட்டுபவர் கயிற்றின்மேல் அமர்ந்து காளைகளோடு சரிவில் இறங்குவார். கிணற்றிலிருந்து தோற்சால் நீரோடு மேலேறும். நீர் கொட்டியதும் காளைகளைப் பின்னோக்கி நடத்தி மேட்டுக்கு வருவார். தமையனார் பதினோராம் வயதில் பள்ளியை விட்டு அக்கயிற்றில் அமர்ந்தார். நான் தொடர்ந்து படித்தேன். அன்றன்று கற்ற செய்யுளை வாய்க்கால் மேட்டில் நின்று நான் ஒப்பிப்பேன். இறங்கும்போது ஓரடியும் ஏறும்போது ஓரடியுமாக அவர் கேட்டுக்கொள்வார். என்னினும் அவர்க்கே விரைவில் மனப்பாடமாகும். அதனைப் பற்றி அவர் ஒருநாளும் ஏக்கமாகப் பேசியதில்லை. ஏக்கம் இருந்ததா என்று கேட்கும் துணிவு எனக்கு வந்ததுமில்லை.

சாலின் தோல் கிழிந்தால் தைத்துத் தருபவர் பொன்னான் என்னும் தோல்வினைஞர். மாடு இறந்தால் அதன் தோல் அவர்க்கு உரியது. அவர் கேட்கவும் வேண்டியதில்லை, நாங்கள் கொடுக்கவும் வேண்டியதில்லை. சொல்லி அனுப்பினால் வந்து உரித்து எடுத்துக்கொள்வார். அதற்கு ஈடாகச் சாலும் வடமும் செருப்பும் அவர் பொறுப்பு. மாட்டுக் கொட்டிலின் வேலிப்படல் வரையில் வருவார்; அதற்கு இப்பால் வருவதில்லை. இவ்வழக்கத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஆயினும் எழுதி வைக்கிறேன்; பின்னர் இது வேண்டியிருக்கும்.

மேட்டூரில் அணை எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில், மழை பொய்த்துக் கிணறு வற்றியதால், தமையனார் வண்டியும் மாடுமாய்க் கல் ஏற்றச் சென்றார். எட்டு மாதம் கழித்துத் திரும்பியபோது மேல்துண்டின் முனையில் முடிந்து கொணர்ந்தவை ஒரு பிடி பித்தளைக் குமிழாணிகள். அங்கே குதிரைச் சேணம் பழுதுபார்க்கும் ஒருவர் இருந்தாராம். வேலை இல்லாத பொழுதெல்லாம் அவரெதிரில் அமர்ந்து, ஆணியின் பிளந்த வாலைத் தோலின் பின்புறத்தில் எவ்வாறு விரித்து மடக்குகிறார் என்று பார்த்திருந்ததாகச் சொன்னார். வந்த மூன்றாம் நாள் பொன்னானிடம் பதப்படுத்திய தோல்வார் ஒன்றைக் கேட்டு வாங்கி, கொட்டிலுக்கு அருகில் வேம்பின் அடியில் அமர்ந்துவிட்டார்.

உழவுக் குடியில் பிறந்தவர் தோலைத் தொட்டு வேலை செய்வதா என்று எந்தையார்க்குச் சினம். "அதத் தொட்ட கையோட ஊட்டுக்குள்ள வராத. சோறு வெளியிலதான்" என்றார்.

"சரிங்கப்பா. வெளிய காத்தாட்டமா இருக்குமுங்க" என்று தமையனார் விடையிறுத்தார்.

அன்று முதல் தோல் வேலை செய்யும் நாள்களில் அவர்க்குச் சோறு வேம்பின் அடிக்கே வந்தது. அன்னையார் கொண்டுவந்து வைப்பார்கள். சில வாரங்களுக்குள் எந்தையாரும் வெற்றிலை போடும் சாக்கில் அங்கே வந்து, எட்ட நின்றபடியே, ஆணிகளின் வரிசை கோணுகிறது என்று குறை சொல்லத் தொடங்கினார். வீட்டில் இருந்து வெளியேற்றப்பட்டவர் தமையனாரா எந்தையாரா என்று அன்னையார் கேட்டதுண்டு.

அவர் வேலை செய்த முறையைச் சிறிது சொல்ல வேண்டும். தோல்வாரை நனைத்துப் பலகையில் இழுத்து அறைந்து உலர்த்துவார். சாம்பலில் தோய்த்த நூலை அதன்மேல் விரித்துச் சுண்டுவார், நேர்கோடு விழும். கோட்டின்மேல் பெருவிரல் நகத்தால் இடைவெளி அளந்து, குத்தூசியால் துளையிட்டு, குமிழைச் செருகி, பின்புறம் வாலை விரித்து மடக்கித் தட்டுவார். அதன்மேல் மெல்லிய தோல் ஒன்றை ஒட்டித் தைப்பார், ஆணிவால் மாட்டின் கழுத்தை உறுத்தாதிருக்க. இறுதியில் ஆமணக்கெண்ணெய் தடவி, குமிழ்களைப் புளியிட்டுத் துலக்குவார். வெயிலில் அப்பட்டையைக் காளை அணிந்து நடந்தால் தொலைவிலிருந்தே தெரியும்.

இரண்டு பழக்கங்கள் அவர்க்கே உரியவை. முதலாவது, மாட்டுக்கான பட்டையை முடித்ததும் அரைநாள் தம் கழுத்தில் இட்டுப் பார்ப்பார். அதனோடே கவலை ஓட்டுவார், வரப்பு வெட்டுவார், வியர்ப்பார். எங்கேனும் உறுத்தினால் கழற்றி அவ்விடத்துத் தையலைப் பிரித்து ஆணிவாலை மீண்டும் மடக்குவார். மாட்டுக்கு வாயில்லை, உறுத்துவதை அது சொல்லாது என்பது அவர் கூறிய காரணம். வழியே போவோர் நகைப்பர். அண்ணியார் கேலியை ஒளிப்பவர்கள் அல்லர். "நொகத்தையும் வெச்சுப் பாத்துருங்க, ஏருக்கு ஒரு மாடு மிச்சமாகுமல்ல" என்று அவர்கள் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது, எப்பொருளைச் செய்தாலும் கடைசிக் குமிழைத் தாம் அடிப்பதில்லை. துளையிட்டு வைத்துவிட்டு, அப்பொருளை யார்க்குச் செய்தாரோ அவரையே அழைத்துச் சுத்தியைக் கையில் கொடுப்பார். எல்லா ஆணியையும் தாமே அடித்தால் அது தம் பொருளாகவே இருந்துவிடும் என்பார். இதனைப் படிக்கும் உங்களில் பலர் வேம்பின் அடியில் அமர்ந்து அவ்வோர் ஆணியை அடித்திருப்பீர்கள். மலைச்சரிவில் ஆடு மேய்க்கும் நண்பர் ஒருவர், சிறுத்தையிடமிருந்து தம் நாயைக் காக்கக் கூர்முனை வெளியே நீண்ட பட்டை ஒன்று கேட்டு வந்தார். கடைசி ஆணியை அவர் அடித்தபோது நாய் பட்டையை வாயால் பிடுங்கிக்கொண்டு ஓடியதும், இருவரும் அதன்பின் ஓடியதும் ஊரறிந்த கதை.

தமையனாரின் திருமணம் மேட்டூர் அணை நிறைந்த ஆண்டில் நடந்தது. அண்ணியார் ஜலகண்டாபுரத்துப் பக்கத்தவர்கள். மணநாளன்று தமையனார் தாமே செய்த வாரை வேட்டிமேல் கட்டிக்கொண்டு சென்றார். இரட்டை வரிசைக் குமிழ். அண்ணியாரின் தாய்மாமன் அதனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்தீங்களா, சோடிச்ச மாட்டக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று எந்தையாரைக் கேட்டார்.

எந்தையார் முகம் கறுத்தது. தமையனாரே விடை சொன்னார். "ரெண்டும் ஒண்ணுதானுங்க மாமா. இன்னைக்கிருந்து ஓட்டறது உங்க புள்ளதானுங்களே."

பந்தல் முழுதும் சிரித்தது. அந்தத் தாய்மாமன் அடுத்த தைத்திங்களில் தமக்கும் அத்தகைய வார் ஒன்று வேண்டுமென்று நேரில் வந்து, கடைசி ஆணியை அடித்துச் சென்றார்.

எனக்கு அவர் செய்து தந்தது நூல்களைச் சேர்த்துக் கட்டும் வார். சேலத்தில் ஆசிரியப் பணி கிடைத்துப் புறப்பட்ட நாளில் தந்தார். கடைசிக் குமிழை நான் கோணலாக அடித்துவிட்டேன். பிடுங்கித் திருத்தித் தரக் கேட்டேன். "அது உன்னுது தம்பி. அப்படியே இருக்கட்டும்" என்றார். பதினோராண்டாக அவ்வாரில் மற்றக் குமிழெல்லாம் நேராகவும் ஒன்று மட்டும் சாய்ந்தும் இருக்கின்றன.

இனி, சென்ற ஆண்டுப் புரட்டாசி.

நெடுநாள் வறட்சிக்குப்பின் மழை பெய்து புல் துளிர்த்திருந்தது. நான் பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தேன். விடியற்காலையில் கொட்டிலுக்குச் சென்ற அண்ணியார் குரல் கேட்டு ஓடினோம். வலத்துக் காளை இறந்து கிடந்தது. முதல்நாள் மாலை வரை நன்றாக மேய்ந்த காளை. வயிறு உப்பியிருந்தது; மூக்கிலிருந்து வழிந்த கருங்குருதி உறையாமல் நின்றது. பாம்பு தீண்டியிருக்கும் என்றார் எந்தையார். தமையனார் அதன் தலையருகே அமர்ந்துவிட்டார். அக்காளையைக் கன்றாக வாங்கி, பழக்கி, ஒன்பது ஆண்டு அதனோடு நடந்தவர் அவர். இடத்துக் காளை தன் கட்டுத்தறியில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

வழக்கப்படி பொன்னானுக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் கத்தியோடு வந்தார். படலுக்கு அப்பால் நின்று நெடுநேரம் பார்த்தார். பின்னர் கத்தியை மடியில் செருகிக்கொண்டார்.

"எனக்குத் தோலு வேண்டாமுங்க சாமி. ஆழமாக் குழி எடுத்து முழுசாப் பொதைச்சுருங்க" என்றார்.

எந்தையார் வியந்தார். சாலுக்குப் புதுத் தோல் வேண்டுமென்று முன்வாரந்தான் பொன்னான் கேட்டிருந்தார். "என்னடா, உனக்குச் சேர வேண்டியதையே வேண்டாங்கற?" என்றார்.

"பொறவு பாத்துக்கலாமுங்க. பொதைச்சுருங்க."

இங்கேதான் நான் பேசினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. தமையனாரின் துயரத்தைக் கண்டு, அதனை ஆற்றும் சொல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்; கிடைத்ததும் எடுத்துக்கொண்டேன். பொன்னான் உங்கள் அன்பை அறிந்தவர், நீங்கள் வளர்த்த காளையைப் பிற மாடுகளைப் போல் உரிக்க மனமின்றித் தம் உரிமையையே விட்டுக்கொடுக்கிறார், இதனினும் பெரிய கொடை எது என்று அவரிடம் சொன்னேன். நான் சொன்னதை அவர் நம்பினார். நான் சொல்வதை அவர் எப்போதும் நம்புவார். கண்ணீர் வழியப் படலருகே சென்று, "உன்ர மனசு ஆருக்கு வரும் பொன்னா" என்றார்.

பொன்னான் வாய் திறந்தார். எந்தையாரைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பின்னர் மூடிக்கொண்டு, குனிந்து கும்பிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கொடையே தமையனார்க்கு ஒரு நினைப்பைத் தந்தது. காளையை முழுவதும் புதைக்காமல், கழுத்துப் பகுதியில் மட்டும் ஒரு நீளத் துண்டை எடுத்துப் பதப்படுத்தி, எஞ்சிய காளைக்குப் பட்டை செய்வதென்று முடிவு செய்தார். இணையின் தோல் இணையின் கழுத்தில் இருக்கட்டும் என்றார். அதுவரை அவர் எம்மாட்டையும் உரித்தவர் அல்லர். பதமான தோலையே வாங்கி வேலை செய்தவர். அன்று தாமே கத்தி எடுத்தார். எந்தையார் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் சென்றுவிட்டார். அன்னையார் வேண்டாம் சாமி, வேண்டாம் சாமி என்று இருமுறை சொன்னார்கள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. நான் குழிவெட்ட ஆள் தேடிச் சென்றிருந்தேன். தடுத்திருக்கக் கூடியவர் எந்தையார், அன்னையார், அண்ணியார், நான் என நால்வர். நால்வரும் கூப்பிடு தொலைவிலேயே இருந்தோம்.

அத்துண்டைச் சுண்ணாம்பில் இட்டு மயிர் களைந்து, ஆவாரம்பட்டை நீரில் ஊறவைத்து, ஒரு மாதத்திற்கும் மேலாகப் பதப்படுத்தினார். அவர்க்கு ஒன்றும் நேரவில்லை. நான் சேலம் திரும்பினேன். ஐப்பசி இறுதியில் அவர் எழுதுவித்த கடிதம் வந்தது. பட்டை முடியும் தறுவாயில் உள்ளது, இதுவரை செய்தவற்றுள் இதுவே சிறந்தது, மூன்று வரிசைக் குமிழ், நீ வந்து பார்க்க வேண்டும் என்று கண்டிருந்தது.

நான் அவ்வார இறுதியில் சென்றேன். அவர் வேம்பின் அடியில் அமர்ந்திருந்தார். பட்டை மடியில் இருந்தது. இடது காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு புண். சுற்றிலும் நீர்க்கொப்புளங்கள், நடுவில் அடுப்புக்கரியைத் தேய்த்தாற்போல் ஒரு கறுப்பு. வழக்கம்போல் பட்டையைக் கழுத்தில் இட்டுப் பார்த்திருக்கிறார். ஓர் ஆணிவால் தையலைத் துளைத்துக்கொண்டு கீறியிருக்கிறது. உடனே கழற்றி அதனை மடக்கிவிட்டார்.

"நல்லவேளை, என்னைய குத்துச்சு. அதுக்குப் போட்டிருந்தா அது ஆருகிட்டச் சொல்லும்?" என்றார்.

"வலிக்குதுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"துளி வலி இல்ல தம்பி. கை வெச்சாக்கூடத் தெரியல."

நாங்கள் அனைவரும் அவ்விடையால் மகிழ்ந்தோம். இதனை நான் மறைக்கலாகாது. வலியில்லை என்றதும் அண்ணியார் அடுப்படிக்குத் திரும்பினார்கள். அன்னையார் மஞ்சளும் வேப்பிலையும் அரைக்க அமர்ந்தார்கள். நான் பட்டையைக் கையில் வாங்கி வரிசைகளைப் பாராட்டினேன். சிறிது வலித்திருந்தால் அன்றே வண்டி பூட்டியிருப்போம்.

மறுநாள் காலை கழுத்தின் இடப்பக்கம் முழுதும் வீங்கியிருந்தது. நண்பகலில் வீக்கம் மார்புக்கு இறங்கியது. இராசிபுரத்திலிருந்து வந்த நாட்டு மருத்துவர் பச்சிலை வைத்துக் கட்டினார். விரலால் அழுத்தியும் வலி இல்லாததைக் கண்டு அவரும் தயங்கினார். சேலத்திற்குக் கொண்டுபோங்கள் என்று அவரே சொன்னார். மாலையில் குரல் தடித்தது. சோறு இறங்கவில்லை. தண்ணீரை ஒவ்வொரு மடக்காக நிறுத்தி நிறுத்திக் குடித்தார்.

அடுத்த நாள் விடிந்ததும் வண்டி பூட்டினோம். வலத்துக்கு அயலார் காளை ஒன்றை இரவல் பெற்றோம். வண்டியில் ஏறுமுன் தமையனார் மடியை அவிழ்த்து ஒரு குமிழாணியை எடுத்து என்னிடம் நீட்டினார். பட்டையில் ஒரு துளை மட்டும் எஞ்சியிருந்தது. கடைசி ஆணியை உடையவர் அடிக்க வேண்டும், உடையது காளை.

"அது எங்க அடிக்கும். அதுக்குப் பதுலா நீ அடிச்சுரு தம்பி" என்றார். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

சுத்தி வேம்பின் அடியிலேயே கிடந்தது. பத்து அடி நடந்து, ஒருமுறை தட்டினால் முடிந்திருக்கும். என்னால் இயலவில்லை. அந்தத் துளை மூடாதிருக்கும்வரை அவர் திரும்பி வந்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. மாணவர் இவ்வாறு எண்ணினால் பேதைமை என்று திருத்தியிருப்பேன்.

"நீங்க வந்து பக்கத்துல உக்காருங்கண்ணா. அப்ப அடிக்கறேன்" என்றேன்.

குமிழை என் உள்ளங்கையில் வைத்தார். "சரி. அப்ப வெச்சிரு" என்றார்.

இராசிபுரத்தில் பேருந்து ஏறினோம். ஓட்டுநர் அவர் நிலையைக் கண்டு இடையில் எங்கும் நிறுத்தாமல் சேலத்தில் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே மருத்துவமனையில் மருத்துவர் புண்ணைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை. இவர் தோல் வேலை செய்பவரா என்று மட்டும் கேட்டார். எங்கள் குடி உழவுக்குடி என்று எந்தையார் தொடங்கினார். நான் இடைமறித்து, இறந்த காளையையும் பட்டையையும் பற்றிச் சொன்னேன். மருத்துவர் அந்நோயின் பெயரைச் சொன்னார். மாடுகளுக்கு வரும் அடைப்பான் நோய். தோலில் தங்கி, சுண்ணாம்புக்கும் சாகாமல், கீறலின் வழியே மனிதர்க்கும் வருமாம். அந்தப் பெயரை எந்தையாரும் நானும் பிறந்தது முதல் கேட்டிருக்கிறோம். மாட்டு நோய் என்று மட்டும் கேட்டிருக்கிறோம்.

அதற்கு ஊசிமருந்து ஒன்று உண்டு என்றும், அது தம்மிடம் இல்லை, சென்னையிலிருந்து வர வேண்டும் என்றும் அவர் சொன்னார். அப்போதே தந்தி கொடுத்தார். தம்மால் இயன்ற வேறு மருந்துகளைச் செலுத்தினார். அதன்பின் அவரும் எங்களோடு நின்றார். கற்றவர் ஒருவர் செய்வதற்கு ஏதுமின்றி நிற்பதை அன்று கண்டேன். எந்தையார் கட்டிலின் காலைப் பிடித்தபடி தரையில் அமர்ந்திருந்தார். அண்ணியார் ஈரத்துணியால் தமையனாரின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் இறுதியாகக் கேட்டது, இடத்துக் காளைக்குத் தண்ணீர் காட்டினார்களா என்பது. காட்டினார்கள் என்று சொன்னேன். காட்டினார்களா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் முற்பகலில், மருந்து வந்து சேருமுன், தமையனார் மறைந்தார்.

இறுதிச் சடங்கின்போது பொன்னான் படலுக்கு அப்பால் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மூன்றாம் நாள் அவர் குடிசைக்கு நான் சென்றேன். எங்கள் குடும்பத்தில் எவரும் அங்கே சென்றதில்லை. அவர் பதறி எழுந்தார். அந்த நோய் என்று தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், சினத்தோடுதான் கேட்டேன்.

"சொன்னனுங்க சாமி. எனக்கு வேண்டாமுன்னு சொன்னனுங்க. பொதைச்சுருங்கன்னு சொன்னனுங்க" என்றார். எங்கள் வீட்டுத் திசையைக் காட்டி, "அதுக்கு மேல நாஞ் சொல்ற எடமுங்களா அது?" என்றார்.

பின்னர் மெல்லச் சொன்னார். அவர் தந்தையார் வேறொரு பண்ணையில் இத்தகைய மாடு ஒன்றைக் கண்டு, இது அந்நோய் என்று வாய்விட்டுச் சொன்னாராம். எங்கள் பட்டிக்கு நோய்ப் பெயர் கட்டுகிறாயா என்று அடித்து, அவரைக் கொண்டே அதனை உரிக்கச் செய்தார்களாம். பத்து நாளில் அவர் கழுத்திலும் இத்தகைய கறுப்புப் புண். அப்போது பொன்னான் சிறுவர்.

ஒருவர் தமக்குரியதை வேண்டாம் என்று சொல்வதற்கு என்ன காரணம் இருக்கக்கூடும் என்று, அன்று படலருகே நின்ற எங்களில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. விடையை நானே கற்பித்துக் கொடுத்துவிட்டேன். அது அழகான விடையாக இருந்தது.

அப்பட்டையை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. தொட அஞ்சினோம். பொன்னான் தாமே வந்தார். அன்று முதன்முறையாகப் படலைக் கடந்து உள்ளே வந்தார், எவரும் தடுக்கவில்லை. நீண்ட கவைக்கொம்பால் பட்டையை எடுத்துச் சென்று, காளையைப் புதைத்த இடத்தருகே விறகு அடுக்கி எரித்தார். அந்தத் தோலைச் சீவிய கழிவையும் ஊறவைத்த பானையையும் அத்தீயிலேயே இட்டார். சாம்பலை ஆழப் புதைத்து, அதன்மேலும் காளையின் குழிமேலும் சுண்ணாம்பு கொட்டினார். அவ்விடத்தில் மாடு மேயாதபடி முள்வேலி கட்டினார். கூலி எதுவும் கேட்கவில்லை. நாங்கள் இம்முறை அதற்கு ஒரு காரணம் கற்பிக்கவில்லை.

ஆகவே, இம்மலரைப் பெறும் உறவினர்க்கும் நண்பர்க்கும் நான் உறுதியாகச் சொல்வது இது. அந்தத் தோலில் செய்யப்பட்டது ஒரே ஒரு பட்டை. அது எரிந்துவிட்டது. உங்களிடம் இருப்பவை யாவும் அதற்கு முன்னர், பொன்னான் பார்த்துத் தேர்ந்து கொடுத்த தோலில் செய்யப்பட்டவை. மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டேன், அஞ்ச வேண்டியதில்லை என்றார். அவற்றை எறிந்துவிடாதீர்கள். ஆமணக்கெண்ணெய் தடவி வையுங்கள்.

எங்கள் துயரில் துணைநின்றோர்க்கு நன்றி கூறுவது என் கடமை. முதற்கண் திரு. பொன்னான் அவர்களுக்கு. இப்பெயரை முதலில் வைப்பது உறவினர் சிலர்க்கு உவப்பாக இராது என்று அறிவேன். அண்ணியார் இவ்வாறே வைக்கச் சொன்னார்கள். எந்தையாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்து, இரவலாகக் காளை தந்து வண்டியோடு உடன்வந்த அயலார்க்கும், வழியில் நிறுத்தாத பேருந்து ஓட்டுநர்க்கும், தம் இயலாமையை எங்களிடம் மறைக்காத மருத்துவர்க்கும், பதினாறு நாளும் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொணர்ந்த ஜலகண்டாபுரத்து உறவினர்க்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

இடத்துக் காளைக்குப் புதிய இணை வாங்கியிருக்கிறோம். இரண்டுக்கும் கழுத்துப் பட்டை இல்லை.

உங்களிடம் உள்ள பொருளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அதில் ஒரு குமிழ் நீங்கள் அடித்தது. எது என்று உங்களுக்குத் தெரியும். அப்போது அவர் உங்களருகே அமர்ந்திருந்தார்.

என்னிடம் தந்த குமிழை வெந்நீரில் கொதிக்கவைத்துத் துடைத்து மேசையில் வைத்திருக்கிறேன். நூல்களைக் கட்டும் வாரில் இடமில்லை, அது நிறைந்திருக்கிறது. இதனை எங்கே அடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.